“யாருக்குப் போட்டீங்க அண்ணி?” – வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் விமர்சனம்

மிக்ஸி வாங்கினால் விமர்சனம் எழுதுகிறார்கள், செருப்பு வாங்கினால் எழுதுகிறார்கள். நான் மிக்ஸியைவிட அதிகமாகப் பயன்படுத்தியது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

2017 பிப்ரவரிக்கு முன்னால் ஸ்டேட்டஸ் என்றால் பெயருக்குக் கீழே கிடக்கும் ஒற்றை வரி. 139 எழுத்துக்குள் எதையாவது எழுதி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நான் ‘வேலையில் இருக்கிறேன்’ என்று இரண்டு வருஷம் வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை உட்பட. யார் பார்த்தார்கள் என்று தெரியாது, தெரிய வேண்டும் என்றும் தோன்றியதில்லை. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் படங்களைக் கொண்டுவந்தார்கள். ஸ்னாப்சாட்டில் 2013-லும் இன்ஸ்டாகிராமில் 2016-லும் வந்த அதே சங்கதி. பழைய வரி வேண்டும் என்று ஜனங்கள் சத்தம் போட்டதும் அடுத்த மாதமே அதையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் ருசி கண்டாகிவிட்டது.

ருசி எதில் என்றால், பார்த்தவர்களின் பட்டியலில். தொட்டால் பெயரும் நேரமும் வரிசையாக வரும். தொட்டியில் ஒரு பூ பூத்திருக்கிறதென்று படம் போடுவேன். அன்று முழுக்க அந்தப் பூவைப் பார்த்ததைவிடப் பட்டியலைப் பார்த்ததுதான் அதிகமாக இருக்கும். இது வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. படம் போட நல்ல கருவி. சிக்கல் எழுத்தில்.

கூட வேலை பார்க்கும் ஒருவர், நான் இரண்டு இரவு உட்கார்ந்து தயாரித்த அறிக்கையைத் தன்னுடையது போலக் கூட்டத்தில் வாசித்தார். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கருநீலப் பின்னணியில் தட்டினேன்: ‘வேலை ஆகும்வரைதான் சிலருக்கு நம் ஞாபகம். அப்புறம் நாம் யாரோ.’ இரவு ஒன்பது மணி. பட்டியலில் அவர் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுபது பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். மகனின் டீச்சர் பார்த்தார். எப்போதோ வீட்டுக்கு வந்த பிளம்பர் பார்த்தார். அவர் மட்டும் இல்லை.

பத்தரைக்கு நாத்தனாரிடமிருந்து வந்தது. “அண்ணி, யாருக்குப் போட்டீங்க? குழந்தையை ரெண்டு நாள் உங்ககிட்ட விட்டது தப்புன்னா நேர்லயே சொல்லியிருக்கலாமே.” போன வாரம் விட்டிருந்தாள். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. பதறிப்போய் ஸ்டேட்டஸை அழித்தேன். அதுதான் பெரிய தப்பு. “நான் கேட்டதும் அழிச்சிட்டீங்க. அப்போ எனக்குத்தானே?” இதற்கு என்ன பதில் சொல்வது? இதற்குள் அம்மா போன் பண்ணி, மாப்பிள்ளையோடு சண்டையா என்று மெதுவாகக் கேட்டாள். தோழிகள் மூன்று பேர் ‘என்னாச்சு?’ என்று கேட்டிருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்று ‘என்னாச்சு’வும் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

இந்தச் சேவையின் பெரிய குறை எனக்கு அன்றுதான் புரிந்தது. சொல்வது சபையில், பதில் வருவது தனித்தனி அறையில். நாத்தனாரிடம் சொன்ன விளக்கம் அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவிடம் சொன்னது தோழிக்குத் தெரியாது. ஒரு வரி போட எனக்கு ஒரு நிமிடம், அதை அவிழ்க்க நாலு நாள்.

அந்த ஆள் ஏன் பார்க்கவில்லை? இரண்டு பேர் போனிலும் மற்றவர் எண் சேமிக்கப்பட்டிருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். அவர் என் எண்ணைச் சேமிக்கவே இல்லை. இரண்டு வருஷம் பக்கத்து மேஜை. அறிக்கை போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது.

மற்றபடி வசதிகள் இருக்கின்றன. யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று பெயர் பெயராகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அமைப்பை மாற்றினால் இனிமேல் போடுவதற்குத்தான் பொருந்தும், போட்டு மாட்டிக்கொண்டதற்கு அல்ல. தாங்க முடியாதவர்களை மியூட் செய்யலாம், அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அருமையான வசதி. 2024-ல் ஹார்ட் பொத்தானும் வந்தது. தோழி ஒருத்தி தன் மாமனார் இறந்த செய்தியைப் போட்டிருந்தாள், அதற்கும் யாரோ ஹார்ட் போட்டார்களாம். அனுதாபம்தான் என்று நான் சமாதானம் சொன்னேன்.

அண்ணன் மகள் ஒருநாள் கறுப்புப் பின்னணியில் வெறும் மூன்று புள்ளி வைத்திருந்தாள். பயந்துபோய் போன் பண்ணினேன். “எழுத்து எப்படித் தெரியுதுன்னு பார்த்தேன் அத்தை” என்றாள். நம்பினேனா என்று கேட்காதீர்கள்.

படத்துக்கு நாலு நட்சத்திரம். எழுத்துக்கு ஒன்று, அதுவும் பின்னணி வண்ணங்களுக்காக.

இப்போது நீல டிக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்படிச் செய்தால் யார் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது, நாம் பார்த்ததும் மற்றவர்களுக்குத் தெரியாது. முதல் வாரம் கை பரபரத்தது. நேற்று நாத்தனார் ‘முகத்துக்கு நேரே பேசத் தெரியாதவர்களிடம் ஜாக்கிரதை’ என்று போட்டிருந்தாள். மூன்று முறை பார்த்தேன். அவளுக்கு அது தெரியாது.