கார்க்கா, ரப்பர் கார்க்கா, சிலிக்கானா? பழைய டீசல் ஜீப்பில் சம்ப் ஒழுகினால்

என்னிடம் இருப்பது 2523 சி.சி. டீசல் இன்ஜின் போட்ட பழைய மகிந்திரா ஜீப். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் வண்டி. ராத்திரி நிறுத்திய இடத்தில் காலையில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தால், ஆயில் சம்ப் பேக்கிங், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் பட்டை, போய்விட்டது என்பார்கள். பேக்கிங் வாங்கப் போனால் மூன்று வழி சொல்வார்கள்: கார்க், ரப்பர் கலந்த கார்க், பேக்கிங்கே இல்லாமல் சிலிக்கான் பேஸ்ட். மூன்றையும் இந்த ஒரே வண்டியில் போட்டுப் பார்த்துவிட்டேன். எந்தப் பொருள் உசத்தி என்பதைவிட, நம் சம்ப்பின் விளிம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அதற்கு முன்னால் ஒன்று. கீழே சொட்டுவதெல்லாம் சம்ப் ஆயில் லீக் அல்ல. இன்ஜின் உச்சியிலுள்ள டேப்பட் கவரில் கசிந்தாலும், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலில் கசிந்தாலும் வழிந்து வந்து சம்ப் ஓரத்தில்தான் தொங்கும். இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, சம்ப்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய டீசலில் கம்ப்ரஷன் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே சம்ப் பக்கம் இறங்கும். பிரீதர் அடைத்திருந்தால் அந்தக் காற்று போக வழியில்லாமல், புதுப் பேக்கிங்கையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளிவிடும்.

சரி, கார்க். விலை குறைவு, எளிதில் கிடைக்கும். இதன் பெரிய பலம், மேடு பள்ளத்தைப் பொறுத்துக்கொள்வது. தகட்டுச் சம்ப் பல தடவை கழற்றி மாட்டியதில் லேசாக நெளிந்திருக்கும். கார்க் அமுங்கி அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஆனால் கடையில் நாள்பட்டுக் கிடந்தால் காய்ந்து சுருங்கிவிடும், போல்ட் ஓட்டை பொருந்தாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும். இன்னொரு தொல்லை, கூடுதலாக முறுக்கினால் போல்ட்டைச் சுற்றிப் பிதுங்கி வெடித்துவிடும். எனக்கு முதல் கார்க் போனது அப்படித்தான். ஒழுகுகிறதே என்று முறுக்க, முறுக்க இன்னும் ஒழுகியது.

ரப்பர் கலந்த கார்க் கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் சுருங்காது, எளிதில் கிழியாது, சூடேறிக் குளிரும்போது காய்ந்து மொறுமொறுப்பாகிவிடாது. லேசான நெளிவைத் தாங்கும். தகட்டுச் சம்ப்புக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சிலிக்கானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பட்டறைகளில் சட்டென்று கை போவது அந்த டியூப்புக்குத்தான். வார்ப்பு அலுமினியச் சம்ப், சமமாகக் கடைந்த விளிம்பு என்றால் சிலிக்கான் அருமையான பொருள். பல புது இன்ஜின்கள் அதை மட்டுமே நம்பி வருகின்றன. பழைய தகட்டுச் சம்ப்பில் கதை வேறு. சிலிக்கான் பிடிக்க இரண்டு பக்கமும் சொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது. பழைய இன்ஜினிலோ, ஆயிலை வடித்து மணிக்கணக்கான பிறகும் பிளாக்கின் உள்சுவரிலிருந்து ஒவ்வொரு சொட்டாக இறங்கி, நாம் துடைத்து வைத்த விளிம்பிலேயே வந்து நிற்கும். அப்புறம், முழுதாக இறுக ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் ஆள் ஏற்ற வேண்டிய ஜீப்புக்கு யார் ஒரு நாள் கொடுப்பார்கள்?

ஒரு பட்டறையில் எனக்கு விளிம்பு முழுக்கத் தடிமனாகப் பூசிக் கொடுத்தார்கள். வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை, சந்தோஷமாக ஓட்டினேன். சில மாதத்தில் ஏற்றத்தில் ஆயில் லைட் மினுக்கியது. சம்ப்பைக் கழற்றினால், உறிஞ்சுகுழாய் முனையிலுள்ள வலையில் சாம்பல் நிறத்தில் புழு புழுவாகச் சிலிக்கான் துண்டுகள். வெளியே பிதுங்கியதைத்தான் நாம் பார்க்கிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். வலை அடைத்து ஆயில் சரியாக ஏறாமலும் அன்றைக்குப் பேரிங் தப்பியது என் அதிர்ஷ்டம்.

இப்போது என் வண்டியில் ரப்பர் கார்க். முன்னாலும் பின்னாலும் வளைவுப் பேக்கிங் வந்து சேரும் நான்கு மூலைகளில் மட்டும் பட்டாணி அளவு சிலிக்கான்.

ஆயிலை ஊற்றி ஊற்றியே சமாளிப்பவர்களும் உண்டு. ஓரமாக வாரத்துக்குச் சில சொட்டு என்றால் டிப் ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம், தவறில்லை. பின்பக்கம் வழிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்தால் மலைப்பாதையில் விளையாடாதீர்கள்.

இன்ஜினை இறக்கத் தேவையில்லை. சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் முன் ஆக்ஸில் கீழே தொங்கி, சம்ப் இறங்க இடம் விடும். பேக்கிங் மாட்டுவதற்கு முன் விளிம்பில் நேர்கோலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். போல்ட் ஓட்டைகள் மேல்நோக்கி உப்பியிருந்தால் மரக்கட்டையில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமமாக்குங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, சின்ன ஸ்பானரால் முறுக்குங்கள். பேக்கிங் லேசாகப் பிதுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.