குலசை தசரா: பத்தாம் நாளுக்கு மட்டும் போகாதீர்கள்

தசரா என்றால் மைசூர் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒருமுறை குலசேகரன்பட்டினம் வந்து பாருங்கள். சுருக்கமாகக் குலசை. திருச்செந்தூரிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சுமார் 13 கிலோமீட்டர். சின்ன ஊர். வருஷம் முழுக்க அமைதியாகக் கிடக்கும். புரட்டாசி நவராத்திரிக்குக் கொடி ஏறிவிட்டால், சுற்றுவட்டாரம் முழுக்க இந்த ஊர்க் கோவிலில் இருக்கும் முத்தாரம்மனுக்குத்தான்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் பத்தாம் நாள் நள்ளிரவு நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு மட்டும் வருகிறார்கள். சிதம்பரேஸ்வரர் கோவில் முன்னால் கடற்கரையில் அம்மன் சிம்ம வாகனத்தில் இறங்க, மகிஷாசுரன் தலை மாற்றி மாற்றி எதிரே வருவான். பார்க்கவேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு லட்சக்கணக்கில் கூட்டம். வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடக்கவேண்டும், போன் சிக்னல் கிடைக்காது, மணலில் முன்வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் சம்ஹாரம் தெரியும். குழந்தையையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த நெரிசலுக்குள் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் போங்கள். நாலாம் நாள் அம்மன் பாலசுப்பிரமணியர் கோலத்தில் மயில் வாகனத்தில் வருவாள், ஐந்தாம் நாள் நவநீத கிருஷ்ணர் கோலம். பகலில் நின்று தரிசிக்கவும் இடம் இருக்கும். முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நிதானமாகப் பார்க்க இந்த நாட்கள்தான் தோது.

அப்புறம் வேஷம். இந்தத் திருவிழாவின் உயிரே அதுதான். பக்தர்கள் கடலில் குளித்து மாலை போட்டு, கொடியேற்றத்துக்குப் பிறகு கோவிலில் காப்புக் கட்டி, நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். குறவன் குறத்தி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ் என்று எத்தனையோ. காளி வேஷத்துக்கு மட்டும் விரதம் கடுமை. 41 நாள், 48 நாள் என்று இருப்பவர்கள் உண்டு. விரதத்துக்கென்று போடும் காளிப்பிறை என்கிற குடிலில் தங்கி, ஒருவேளை சாப்பாடு.

என் கொழுந்தனார் காளி வேஷம் கட்டுகிறவர். உடன்குடியில் ஒரு கடையில்தான் கிரீடம் செய்யக் கொடுப்போம். கடைக்காரர் நூல் வைத்துத் தலையை அளந்து, உள்பக்கம் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அப்படியும் மாலைக்குள் நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்துவிடும். சடைமுடி, பின்னால் கட்டும் கைகள், வீரப்பல், எல்லாம் சேர்ந்தால் கழுத்து தாங்காது. வேனிலிருந்து இறங்கியதும் மாமிதான் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு உள்துணியைத் தளர்த்திவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் மகனை "ஏலே" என்று கூப்பிடுகிற மாமி, வேஷம் கலையும்வரை "தாயே, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றுதான் பேசுவார்கள். ஒரு தெருவில் கைக்குழந்தையோடு வந்த பெண் திருநீறு கேட்டாள். இவர் குனிந்து பூசியபோது கிரீடம் சரியாமல் இருக்கப் பக்கத்தில் நின்ற போலீஸ் வேஷக்காரர் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். இதையெல்லாம் பத்தாம் நாள் கூட்டத்தில் பார்க்கமுடியாது.

வாங்கிய காணிக்கை முழுவதும் கடைசியில் கோவில் உண்டியலுக்குத்தான். வேஷக்காரர் தட்டை நீட்டினால் முடிந்ததைப் போடுங்கள். கேட்காமல் முகத்துக்கு நேராக போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் விரதத்தில் இருக்கிறார்கள்.

மேளம் நன்றாக இருக்கிறது, ஒலிபெருக்கிதான் சகிக்கவில்லை. ஒரு குழு நையாண்டி மேளத்தோடு கரகம் ஆடிவரும்போது பின்னால் வரும் லாரியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் கட்டிப் போட்டால் மேளக்காரர் அடிப்பது யாருக்குக் கேட்கும்? இரும்பு ஆயுதங்களைத் தடுத்து, பலகையிலும் அட்டையிலும் சூலம் வாள் செய்யச் சொன்னது நல்ல காரியம். அந்தக் கண்டிப்பு சத்தத்திலும் வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை போதவே போதாது. நடமாடும் கழிப்பறை வண்டிகள் நிற்கின்றன, ஆனால் பொழுது சாய்ந்தபின் உள்ளே தண்ணீர் இல்லை. இத்தனை பெண்கள் விரதமிருந்து வரும் இடத்தில் இது பெரிய குறை.

தங்குவதற்கு குலசையில் அதிகம் இடமில்லை, திருச்செந்தூரில்தான் பார்க்கவேண்டும். ரயில் நிலையமும் அங்கேதான். போன தடவை நாங்கள் போன விடுதியில் போனில் சொன்ன வாடகை ஒன்று, போய் நின்றதும் கேட்டது இன்னொன்று. அதனால் முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, வழியெல்லாம் அன்னதானம்.

திரும்பும்போது உடன்குடியில் இறங்கிக் கருப்பட்டி வாங்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆனால் திருவிழா நேரத்தில் சீனி கலந்ததும் விற்பனைக்கு வரும். ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.