புயலுக்கு பூனைய தூக்கிட்டு கிளம்ப துணிப் பையா, பிளாஸ்டிக் கூண்டா?

2011 'தானே' புயல், 2024 ஃபெஞ்சல் புயல்னு ரெண்டையும் கடலூர்ல பாத்தாச்சு, அதனால நவம்பர் வந்தாலே பூனைக்கும் சேத்துதான் மூட்டை கட்டி வைப்பேன். துணிப் பை லேசு, விலையும் கம்மி, தோள்ல மாட்டிக்கிட்டு தேவனாம்பட்டினத்துலேர்ந்து பண்ருட்டி சித்தி வீட்டுக்கு பஸ்லயே போயிடலாம். ஆனா மழைல நனைஞ்சா பை அப்படியே தொங்கிடுது, ஃபெஞ்சல் சமயத்துல எங்க குட்டி ஜிப்ப நகத்தால நெம்பி தலைய வெளிய நீட்டிடுச்சு, எனக்கு உசுரே போயிடுச்சு.

பிளாஸ்டிக் கூண்டு கனம்தான், ஆட்டோல எடம் அடைக்கும், ஆனா நசுங்காது, மேல்மூடிய கழட்டுற மாதிரி இருந்தா டாக்டர் உள்ள வச்சே ஊசி போட்டுடலாம். பழைய புடவைய உள்ள விரிச்சு ஒரு மாசம் முன்னாடியே வீட்டுல தொறந்து வச்சிடுங்க, தானா போய் படுக்கும். புயலுக்கு கூண்டுதாங்க. ரேபிஸ் ஊசி போட்ட கார்டையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு அதுலயே ஒட்டிடுங்க.