தண்ணீர் சுடுகிறது என்று பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலன் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வெள்ளை வேனில் வந்து, கைபேசி எண் மட்டும் அச்சிட்ட ஒட்டுத்தாளை வாசல் கேட்டில் ஒட்டிவிட்டுப் போகும் ஒரு பழுதுபார்ப்பவர் என் வீட்டில் 1,760 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போய்விட்டதால் பெயரை எழுதவில்லை. ஏய்த்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீர் வெட்டு வந்து போன பிறகு எங்கள் வீட்டில் வெந்நீர் நின்றுபோனது. பட்டப்பகலில் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுப்புதான். அம்மாவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவித் தேய்ந்த முழங்கால். விடியற்காலையில் சூடாக நாலு சொம்பு ஊற்றினால்தான் எழுந்து நடமாடுவார். அதனால் கேட்டில் இருந்த எண்ணை அழைத்தோம்.

வந்தவர் கூரையில் ஏறிய வேகத்தில் இறங்கினார். "தண்ணீர் சுற்றவில்லை அண்ணே, உள்ளே துரு அடைத்துவிட்டது" என்றார். முதல் பாதி உண்மை. அவர் வாயிலிருந்து வந்த உண்மை அவ்வளவுதான். பிறகு கணக்கு ஆரம்பித்தது: பார்த்துச் சொன்னதற்கு 80, மருந்து ஊற்றிக் கழுவ 250, மின்சூடேற்றிக் கம்பி மாற்ற 480, தண்ணீரைத் தள்ளிச் சுற்றவிட பம்ப் ஒன்றுக்கு 950. மாலையில் என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டுக் குழாயைத் திறந்து காட்டினார். கை வைக்க முடியாத சூடு. அம்மா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த மாதம் மின்கட்டணம் வந்தது. வழக்கமாக நூறு வெள்ளியைத் தாண்டாத வீட்டுக்கு இருநூறுக்கு மேல்.

சித்தப்பா செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். ரசீதைக்கூட அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "கலனுக்குப் போகும் மின்சாரத்தை அணைத்து வை, நாளை மத்தியானம் வருகிறேன்" என்றார். மறுநாள் உச்சி வெயிலில், வயர்மேன் வேலை பார்க்கும் தன் மகனைக் கூரைக்கு ஏற்றிவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடித் தகட்டின் மேல்முனையில் தம்பி கையுறையோடு தொட்டும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அங்கிருந்து கலனுக்கு ஏறும் குழாயில் ஒரு முழம் தள்ளித் தொட்டால் சில்லென்று இருந்தது. "காற்று அடைத்திருக்கிறது" என்றார் சித்தப்பா, மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

இந்த வகைக் கலனில் தண்ணீரைச் சுற்ற வைக்க பம்ப்பே கிடையாது. தகட்டில் சூடேறிய தண்ணீர் லேசாகி மேலே உள்ள கலனுக்கு ஏறும்; கலனின் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் தகட்டின் கீழ்முனைக்கு இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் 20 பாகையில் ஏறக்குறைய 998 கிராம், 60 பாகையில் 983 கிராம். இந்த 15 கிராம் வித்தியாசம்தான் முழுச் சுற்றையும் ஓட்டுகிறது. அவ்வளவு மெல்லிய விசைக்கு எதிரே ஒரு கைப்பிடிக் காற்று உட்கார்ந்தாலும் எல்லாம் நின்றுவிடும். தண்ணீர் வெட்டின்போது குழாய்கள் காலியாகி, மறுபடி நிரம்பும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்வது சாதாரணம்.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கையிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். அவர்கள் வீட்டுச் சுவர்களில் குளிருக்காக வெந்நீர் ஓடும் தகடுகள் இருக்கின்றன. தகட்டின் மேல்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் காற்று, அடிப்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் கசடு என்று அங்கே வீட்டுக்காரர்களே கண்டுபிடித்துவிடுவார்களாம். காற்றென்றால் சின்னச் சாவியால் திருகி அவர்களே வெளியேற்றிவிடுவார்களாம்.

இனி அந்த மனிதர் செய்த வேலைக்கு வருகிறேன். 950 வெள்ளி பம்ப்பை, கூரைத் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில் பொருத்தியிருந்தார். அதனால் குளியலறையில் தண்ணீர் வேகமாகக் கொட்டும். தகட்டுக்கும் கலனுக்கும் இடையிலான சுற்றோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. கலனுக்கு ஏறும் குழாயை எதற்கோ மாற்றி, தேவைக்கு மேல் நீளமான நெளிகுழாயைப் போட்டு, கம்பியால் கட்டியிருந்தார். தகட்டிலிருந்து கலன்வரை சீராக மேலேறிக்கொண்டே போக வேண்டிய குழாய், நடுவில் பூனை முதுகைத் தூக்கியதுபோல் வளைந்து நின்றது. காற்று தங்குவதற்கென்றே கட்டிக்கொடுத்த இடம்.

அப்படியானால் அன்று மாலை எப்படிச் சுட்டது? மேகமூட்டமான நாளுக்கென்று கலனுக்குள் இருக்கும் மின்சூடேற்றியின் நேரக் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு, மின்கம்பியை நேராக இணைத்துவிட்டிருந்தார். 3 கிலோவாட் கம்பி. ஒரு மணி நேரம் ஓடினால் 3 யூனிட். கூரைமேல் வெயில் வீணாகக் காய, தெனாகா மின்நிறுவனத்தின் மின்சாரத்தில் நாங்கள் குளித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. "எரிந்துபோனது" என்று அவர் கழற்றிப் போட்ட பழைய கம்பி பின்வாசல் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. தம்பி அதைத் துடைத்து மீட்டரை வைத்தான். 19 ஓம் காட்டியது. 240 வோல்ட், 3,000 வாட் என்று முத்திரை குத்திய கம்பிக்கு இருக்க வேண்டிய அளவு அதுதான். எரிந்த கம்பி மீட்டரில் எண்ணே காட்டாது.

சரிசெய்த வேலை சின்னது. மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்பே, மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தம்பி தகட்டின் கீழ்மூடியைத் திறந்து கழுவிவிட்டான். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. "மருந்து ஊற்றிக் கழுவிய" தகட்டிலிருந்துதான். குழாயைக் குட்டையாக வெட்டி நேராக ஏற்றி, தண்ணீர் நிரப்பி, உச்சியில் இருந்த மரையைத் தளர்த்தினான். கொஞ்ச நேரம் உஸ்ஸென்று காற்று, பிறகு தும்மித் தும்மித் தண்ணீர். அன்று மாலை, மின்சாரம் அணைந்திருக்கும்போதே, குழாயில் வெந்நீர் வந்தது. நெளிகுழாய்க்கும் வாஷருக்கும் முப்பத்தைந்து வெள்ளி ஆனது.

ஆகவே யாரை அழைத்தாலும், வேலை முடிந்ததும் மின்சூடேற்றியை உங்கள் கையாலேயே அணைத்துவிட்டு, ஒரு நல்ல வெயில் நாள் கழித்தே மீதிப் பணத்தைக் கொடுங்கள். நேர்மையான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். கழற்றிய பாகத்தை எடுத்துப் போக விடாதீர்கள். கூரையில் நீங்களே ஏறி வெயிலில் மரையைத் திருகாதீர்கள். தகட்டில் தேங்கிய தண்ணீர் ஆவியாகச் சீறும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை ஏற்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய கம்பி, நெளிகுழாய், படங்கள், இரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகள், முகவரியே இல்லாத அவருடைய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து மனுவோடு கொடுத்திருக்கிறேன்.

அறிவிப்புக் கிடைத்ததும் அவர் அழைத்தார். "அண்ணே, பாதியைத் தந்துவிடுகிறேன், மனுவை எடுத்துவிடுங்கள்." முழுத்தொகையையும் எழுத்தில் ஒப்புக்கொண்டு அனுப்பச் சொன்னேன். இன்றுவரை பதில் இல்லை. வேன் இப்போது வேறு தாமான் பக்கம் சுற்றுவதாகச் சொல்கிறார்கள்.