செயின்சா எஞ்சினை விமான எஞ்சின் என்று விற்கிறார்கள்: என் 9,400 ராண்ட் போச்சு

டர்பன் பக்கம் பெரிய ஆர்சி பிளேன், அதாவது ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானம், பறக்கவிடும் நம்ம ஆட்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எஞ்சினுக்கு 7,200, அதை பிளேனில் பொருத்திக் கொடுக்க 2,200. மொத்தம் 9,400 ராண்ட். இன்று என்னிடம் இருப்பது முன்பக்கம் பிய்ந்த பிளேனும் ஒரு இரும்புக் கட்டியும்தான்.

கடையின் பெயரைப் போடவில்லை. புல்வெட்டி, செயின்சா ரிப்பேர் பார்க்கிற கடை. பழைய செயின்சா எஞ்சினை எடுத்து, பிளேனுக்குத் தோதாக மாற்றி, எங்களைப் போன்ற ஆட்களுக்கு விற்கிறார்கள். இந்த வேலையில் தப்பே இல்லை. உலகம் முழுக்க ஆர்சிக்காரர்கள் செய்வதுதான், ஒழுங்காகச் செய்தால் வருஷக்கணக்கில் ஓடும். என்னுடையது பைப்பர் கப் என்ற நிஜ விமானத்தின் கால் அளவு மாதிரி, இறக்கை 2.7 மீட்டர். அதற்குக் கம்பெனி பெட்ரோல் எஞ்சின் இறக்குமதி செய்தால் ராண்டு இருக்கிற நிலையில் கட்டுப்படியாகாது. அதனால்தான் அங்கே போனேன்.

அந்த ஆள் பேசின பேச்சு இருக்கிறதே! நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் "வாங்க தம்பி, எந்தப் பக்கம்?" என்றார். சாட்ஸ்வொர்த் என்றேன். "அட, எங்க அக்காவைக் குடுத்ததே அங்கதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. எஞ்சினை வைஸில் பிடித்து, ப்ரொப்பை (முன்னால் சுழலும் இறகை) ஒரு சுண்டு சுண்டினார், எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது. எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, "பாத்தீங்களா, ஆட்டமே இல்ல. பொருத்துறதையும் நானே பண்ணித் தர்றேன். என் கூடப்பிறந்தவன் பிளேனுன்னு நெனச்சுப் பண்றேன்" என்றார். அண்ணா என்று கூப்பிட்டேன், அங்கேயே நின்று பணத்தை ட்ரான்ஸ்ஃபர் செய்தேன். பணம் வந்துவிட்டதா என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டே தோளில் கை போட்டார். அந்தக் கைதான் இப்போது நினைத்தாலும் எரிகிறது. அன்று வைஸில் அவர் மாட்டியிருந்தது சின்ன ப்ரொப். ஐடிலை, அதாவது மெதுவாகச் சும்மா ஓடும் வேகத்தை, தாண்டி த்ராட்டிலை ஏற்றவே இல்லை. அது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

போன சனிக்கிழமை கரும்புத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் மைதானத்தில், இரண்டு பேர் வாலைப் பிடித்துக்கொள்ள, முழு த்ராட்டில் கொடுத்தேன். பிளேனே உதறியது. அடுத்த நொடி, எஞ்சினைத் தாங்கும் ஃபயர்வால் பலகையிலிருந்து எஞ்சின் பிய்ந்து முன்னால் சாய்ந்தது, ப்ரொப் தரையில் அடித்து உடைந்தது. ஒரு துண்டு பக்கத்தில் நின்ற பையனின் தோளை ஒட்டிப் பறந்து கரும்புக்குள் போனது. 18 அங்குல ப்ரொப் நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்தப் பையனின் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். ஃபயர்வாலில் போல்ட்டை ஊடுருவவிட்டுப் பின்னால் நட் போட்டு இறுக்க வேண்டிய இடத்தில் வெறும் மர ஸ்க்ரூ! ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அதிர்வுக்கு மர ஸ்க்ரூ எத்தனை நேரம் நிற்கும்? செயின்சாவில் ஃப்ளைவீல் என்ற சுழல் சக்கரம்தான் குளிர வைக்கும் விசிறியும். பிளேனில் ப்ரொப் காற்றே சிலிண்டரைக் குளிர வைப்பதால் அந்த விசிறி இறகுகளைச் சீவிவிடுவார்கள். அதை லேத்தில் போட்டுச் சமமாகக் கடைய வேண்டும். இங்கே கை கிரைண்டரால் அறுத்த தடம் அப்படியே தெரிகிறது, ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு. தீப்பொறி சரியான நேரத்தில் விழ ஃப்ளைவீலை அதன் இடத்தில் நிறுத்தும் சின்னக் கீ (உலோகத் துண்டு) இருக்க வேண்டும். அது இல்லவே இல்லை, பசையைத் தடவி ஒட்டியிருக்கிறார்கள். போதாதென்று, மெத்தனால் எஞ்சினுக்குப் போடும் சிலிக்கான் குழாயை பெட்ரோலுக்குப் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் பட்டால் அது உப்பி நைந்துபோகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவருக்குத் தெரியாதா?

ஃபோன் போட்டால் "அண்ணன் சாமான் வாங்கப் போயிருக்காரு" என்று கடைப் பையன். வாட்ஸப்பில் படம் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனேன். தம்பி என்று கூப்பிட்டவர் "மிஸ்டர், ஆயில் தப்பாக் கலந்திருப்பீங்க" என்கிறார். ஆயில் கலவைக்கும் ஸ்க்ரூ பிடுங்கியதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் ப்ரொப் சரியில்லை என்றார். அதற்கும் பதில் சொன்னால் சுவரைக் காட்டுகிறார், பணம் திருப்பித் தரப்படாது என்று போர்டு. கடைசியில், இன்னும் 1,500 கொடுத்தால் வேறு ஃப்ளைவீல் மாட்டித் தருவாராம். 9,400 வாங்கின வாயால் சொல்கிறார்!

அந்த போர்டைப் பார்த்து யாரும் பயப்படாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் பழுதென்றால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து ரிப்பேரோ, மாற்றோ, பணமோ கேட்கலாம். எது வேண்டும் என்று சொல்வது நாம்தான், கடைக்காரர் அல்ல. நான் பணம்தான் கேட்கப்போகிறேன், முழு 9,400. புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரைக்கும் மற்றவர்களுக்கு: பறக்கவிடப்போகும் அதே ப்ரொப்பை மாட்டி முழு த்ராட்டிலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ளைவீலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஃபயர்வாலின் பின்பக்கம் நட் தெரிகிறதா என்று பாருங்கள். ரசீதில் எஞ்சினையும் பொருத்திய கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஓடும்போது ப்ரொப்புக்கு நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

இதே கடையில் வாங்கியவர்கள் இருந்தால் உடனே ஓட்டுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ரசீதுகளைச் சேர்த்து ஒரே புகாராகக் கொடுப்போம்.