கட்டைவிரலுக்கு எட்டாத மூலை

போன வாரம் என் ஐபோன் 13-க்கு பேட்டரி மாற்றினேன். நாலு வருஷமாக ஓடிய போன். பேட்டரி ஹெல்த் 78 சதவீதத்துக்கு இறங்கி, சர்வீஸ் செய்யச் சொல்லி ஒரு வரியும் வந்துவிட்டது. ஐபோன் 14 வரைக்குமான மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு, 500 முறை முழுசாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் நிற்கும் என்பது. 15-இலிருந்து அது 1000 முறை ஆகிவிட்டது. என் போன் 500-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரத்தில் முடியும் என்ற வேலை, பேட்டரி கையிருப்பில் இல்லாமல் மூன்று நாள் இழுத்தது. அதுவரை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஆண்ட்ராய்டு போனில் சிம்மைப் போட்டு ஓட்டினேன். சரியாக அந்த வாரம்தான் நண்பன் ஒருவனின் கேள்வியும் வந்தது: "புது போன் வாங்கணும். ஐபோனா ஆண்ட்ராய்டா? நீ ரெண்டுலயும் இருந்திருக்க. ஒரே வரில சொல்லுடா."

ஒரே வரியில் சொல்ல வரவில்லை. அதனால் இது.

கேமரா, திரை, வேகம் பற்றி எழுதப்போவதில்லை. நல்ல போன்களுக்கு நடுவில் அதிலெல்லாம் வித்தியாசம் பார்க்க இப்போது பூதக்கண்ணாடி வேண்டும். நான் சொல்லப்போவது பின்னால் போவதைப் பற்றி. ஆமாம், பேக் பட்டன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பழைய போனைக் கையில் எடுத்த முதல் பத்து நிமிடத்தில் நடந்தது இது. யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டேன். பிரவுசர் திறந்தது. படித்து முடித்ததும் வலது கட்டைவிரல், என்னைக் கேட்காமலே, திரையின் வலது விளிம்பிலிருந்து உள்ளே ஒரு இழு இழுத்தது. அரட்டைக்குத் திரும்பிவிட்டேன். இன்னொரு இழு, அரட்டைப் பட்டியல். இன்னொன்று, முகப்புத் திரை. கை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கண்கூட எதையும் தேடவில்லை. நாலு வருஷம் கழித்தும் விரலுக்கு வழி மறக்கவில்லை என்பதைவிட, இத்தனை நாள் இது இல்லாமல் எப்படிக் குடித்தனம் நடத்தினேன் என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது.

ஆண்ட்ராய்டில் இது பிறவியிலேயே இருக்கிறது. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஹெச்டிசி ட்ரீமில் பேக் என்பது அழுத்தினால் அமுங்கும் நிஜப் பட்டன். 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0 வந்தபோது அது திரைக்குள் போனது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இல் பட்டனும் போய், இடது வலது இரண்டு விளிம்புகளுமே பேக் ஆகிவிட்டன. உருவம் இரண்டு முறை மாறினாலும் அர்த்தம் ஒன்றுதான்: வந்த வழியே திரும்பு. எதிலிருந்து எதைத் திறந்தாய் என்ற தடத்தைப் போனே வைத்திருக்கிறது. நடுவில் ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருந்தாலும் அந்தத் தடம் அறுவதில்லை.

ஐபோனில் பின்னால் போவது அந்தந்த ஆப்பின் சொந்த விவகாரம். வழக்கமான இடம் மேலே இடது மூலையில் ஒரு அம்புக்குறி. 2007-இல் முதல் ஐபோன் வந்தபோது திரை 3.5 அங்குலம்தான். கட்டைவிரல் எல்லா மூலைக்கும் போய்வரும், ஆகவே அது நல்ல ஏற்பாடு. என் போன் 6.1 அங்குலம். திரை வளர்ந்தது, கட்டைவிரல் வளரவில்லை, அம்புக்குறி மட்டும் அதே மூலையில் உட்கார்ந்திருக்கிறது. வலது கையால் ஒற்றைக் கையாகப் பிடிப்பவனுக்கு திரையிலேயே அதிக தூரத்தில் இருக்கும் இடம் அதுதான்.

ஆப்பிளுக்கு இது தெரியாமல் இல்லை. 2013-இல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்-இன் 7-வது பதிப்பு, இடது விளிம்பிலிருந்து இழுத்துப் பின்செல்லும் வசதியைக் கொடுத்தது. அடுத்த வருஷம் பெரிய திரையோடு ஐபோன் 6 வந்தபோது, திரையின் மேல் பாதியைக் கீழே இறக்கும் வசதியும் வந்தது. கை எட்டவில்லையா, கூரையை இறக்கிக்கொள் என்கிற மாதிரி. 2015-இல் ஐஓஎஸ் 9, ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் முந்தையதன் பெயரை உச்சியில் பொடி எழுத்தில் காட்டத் தொடங்கியது. அதுவும் எங்கே? அதே இடது மூலை!

பேட்டரி மாற்றி போன் திரும்பி வந்த அன்று வேண்டுமென்றே எண்ணிப் பார்த்தேன். புகைப்படத்தை மூட கீழே இழுக்க வேண்டும். செட்டிங்ஸில் இடது விளிம்பிலிருந்து இழுக்கலாம். ஓர் ஆப்பில் பெருக்கல் குறி வலது மூலையில், இன்னொன்றில் இடது மூலையில். வேறொன்றில் 'முடிந்தது' என்ற சொல்லைத் தேடித் தொட வேண்டும். பணம் அனுப்பும் ஆப் ஒன்று இழுப்பதை மதிப்பதே இல்லை, அம்புக்குறியைத்தான் தொட வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஒரே செயலுக்கு ஒரே நாளில் ஆறு விதம். ஒவ்வொன்றும் அரை நொடி வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செருப்புக்குள் மணல் போனால் எத்தனை கிராம் என்றா பார்ப்போம்?

சரி, கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன். ஆண்ட்ராய்டின் பேக் ஒன்றும் தங்கக் கம்பி இல்லை. அடுத்த இழுப்பு முந்தைய பக்கத்துக்குப் போகுமா, ஆப்பை விட்டே வெளியே தள்ளுமா என்று பல நேரம் தெரியாது. அந்த மூன்று நாளிலேயே, பாதி நிரப்பிய படிவம் ஒன்றை அவசரத்தில் ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துத் தொலைத்தேன். 2019-இல் விளிம்பு சைகை வந்த புதிதில், இடது ஓரத்திலிருந்து மெனுவை இழுக்கப் போனால் பக்கமே பின்னால் போய்விடும். கூகுளும் இதை ஒத்துக்கொண்ட மாதிரிதான். விரலை எடுப்பதற்கு முன்பே எங்கே போகப்போகிறோம் என்று எட்டிப் பார்க்கக் காட்டும் முறையை ஆண்ட்ராய்டு 13-இலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அதுபோல, ஐஓஎஸ் 26 வந்தபிறகு நிறைய ஆப்களில் இடது விளிம்பைத் தேடிப் போக வேண்டியதில்லை, திரையின் நடுவிலிருந்தே வலப்பக்கமாக இழுத்தால் போதும். பாதி வலி குறைந்தது. மீதிப் பாதி அந்தப் பெருக்கல் குறிகள்.

இப்போது ஐபோனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ஐஓஎஸ் 15-ஓடு வாங்கியது இன்று 26-இல் ஓடுகிறது. (நடுவில் பதினொரு வருஷம் ஓடிவிடவில்லை. 18-க்கு அப்புறம் நேராக 26 என்று பெயர் வைத்துவிட்டார்கள்.) என் பழைய ஆண்ட்ராய்டுக்கு, அதைச் செய்த நிறுவனம் இரண்டு பெரிய அப்டேட் கொடுத்துவிட்டு கையைக் கழுவியது. ஆனால் அது அந்தக் காலக் கதை. 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட் என்று அறிவித்துவிட்ட பிறகு, இதை வைத்து ஆண்ட்ராய்டை மட்டம் தட்டுவது எடுபடாது.

நான் எதிர்பார்க்காமல் மயங்கியது வேறொன்றில். போனின் இடது பக்கத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறதே, சத்தத்தை அடக்குவது. முதல் ஐபோனிலிருந்தே அது உண்டு. வாங்கும்போது அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இப்போது அது இல்லாத போனைப் பிடித்தால் ஏதோ பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது மாதிரி இருக்கிறது. கூட்டத்துக்குள் நுழையும்போது பைக்குள்ளேயே விரலால் தள்ளிவிடலாம். தள்ளியிருக்கிறேனா என்ற சந்தேகம் நடுவில் வந்தால் வெளியே எடுக்காமல் தடவிப் பார்த்தாலே போதும். அடங்கியிருந்தாலும் காலை அலாரம் மட்டும் ஒழுங்காக அடிக்கும். பழைய போனிலோ வால்யூம் பட்டனை அழுத்தி, திரையில் வரும் மணிப் படத்தைத் தொட்டு, அதிர்வா அமைதியா என்று பார்த்து... விடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஒன்பிளஸ் 2015-இலேயே தன் போனில் இப்படி ஒரு ஸ்விட்ச் வைத்தது. மற்றவர்கள் ஏன் காப்பியடிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம். காப்பியடிக்கக் கூடாததையெல்லாம் காப்பியடிக்கிறவர்கள்தானே!

நண்பன் நடுவில் ஒரு வாதம் வைத்தான். "உலகத்துல பத்துல ஏழு பேர் கையில ஆண்ட்ராய்டுதான். அத்தனை பேரும் முட்டாளா?" முட்டாள் இல்லை. ஆண்ட்ராய்டை ஏகப்பட்ட நிறுவனங்கள் எல்லா விலையிலும் போடுகின்றன, ஐபோனை ஒரே நிறுவனம்தான் போடுகிறது. அந்தக் கணக்கு எத்தனை விதமான பணப்பைகள் இருக்கின்றன என்று சொல்லும், எது நல்ல போன் என்று சொல்லாது. இதற்கு நேர் எதிர் வாதமும் உண்டு, விலை அதிகம் என்பதால் ஐபோன்தான் உசத்தி என்பது. அதுவும் இதே ரகம்.

நல்லது ஜெயிக்கும் என்றால் பாம் நிறுவனத்தின் போன் மென்பொருளான வெப்ஓஎஸ் இன்று எங்கேயோ இருந்திருக்க வேண்டும். 2009-இல் அதோடு வந்த பாம் ப்ரீ போனில், திரைக்குக் கீழே இருந்த பட்டையில் வலமிருந்து இடமாக ஒரு இழு இழுத்தால் பின்னால் போகும். திறந்திருக்கும் ஆப்கள் சீட்டுக் கட்டு மாதிரி வரிசையாக நிற்கும், வேண்டாததை மேலே தள்ளி மூடலாம். இன்று ஐபோனும் ஆண்ட்ராய்டும் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். 2010-இல் ஹெச்பி பாமை வாங்கியது, 2011 ஆகஸ்டில் வெப்ஓஎஸ் கருவிகளையே நிறுத்தியது. இப்போது வெப்ஓஎஸ் எல்ஜி டிவிகளில் ஓடுகிறது. ரிமோட்டில் பேக் பட்டன் இருக்கிறது!

இதையெல்லாம் எழுதி அனுப்பினால் நண்பன், "கதை வேணாம், முடிவு?" என்றான்.

கூட்டிக் கழித்தால் ஐபோன்தான் மேலே நிற்கிறது. நாலு வருஷத்தில் ஒரு முறைகூட உறையவில்லை, ஒரு பேட்டரியைத் தவிர எதையும் கேட்கவில்லை. ஆனாலும் ஆண்ட்ராய்டு வாங்கு என்றுதான் சொன்னேன். காரணம் இது: எனக்குப் பிடித்த அந்த ஸ்விட்ச்சை 2023-இல் 15 ப்ரோவில் எடுத்துவிட்டு, அழுத்திப் பிடிக்கும் பட்டனாக மாற்றிவிட்டார்கள். 16 வந்ததும் அந்த வரிசை முழுக்க அப்படித்தான். சத்தத்தை அதுவும் அடக்கும், ஆனால் தடவிப் பார்த்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. ஆக, இன்று புது ஐபோன் வாங்குகிறவனுக்கு நான் ரசித்தது கிடைக்காது, நான் பல்லைக் கடித்தது மட்டும் கிடைக்கும்.

"அப்போ நீயும் மாறப் போறியா?"

இப்போதுதான் பேட்டரி போட்டிருக்கிறேன், இன்னும் இரண்டு வருஷம் இதுதான் என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிய கையோடு, அரட்டையை விட்டு வெளியே வர, கட்டைவிரல் பழக்கதோஷத்தில் வலது விளிம்பிலிருந்து இழுத்துவிட்டது. வெளியே வரவில்லை. நான் அனுப்பிய செய்தியை அவன் எத்தனை மணிக்குப் படித்தான் என்று காட்டும் பக்கம் ஒன்று புதிதாகத் திறந்துகொண்டது. அதிலிருந்து திரும்ப, மேலே இடது மூலையில் ஒரு அம்புக்குறி.