டிவி கோபுரம் அச்சிட்ட ஃபிலிம் பெட்டி: காசை விட்டுவிடாதீர்கள்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரத்தையும் கால்டிகாட் குன்றின் பழைய டிவி நிலையத்தையும் அட்டையில் அச்சிட்டு, மூன்று ரோல் கொண்ட பெட்டியை இணையத்தில் 75 வெள்ளிக்கு விற்கிறார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஏற்றது, ஐஎஸ்ஓ 200, 36 படம், எந்த லேபிலும் கழுவலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை.

உள்ளே இருப்பது கோடக் விஷன்3 500டி (500T) என்ற சினிமா ஃபிலிம். சினிமா நெகட்டிவைப் பெரிய சுருளிலிருந்து வெட்டி, பழைய டப்பாவில் சுற்றி, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இப்படி விற்பது தப்பில்லை, பலரும் சொல்லிவிட்டே விற்கிறார்கள். இங்கே மறைத்து விற்றிருக்கிறார்கள்.

இந்த ரோல்களின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கிறது. சாதாரண கலர் ஃபிலிமைக் கழுவும் வழக்கமான சி-41 மெஷினில் அதை அகற்றும் கட்டம் கிடையாது. ஒரு லேப் ரோலைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டது. இன்னொன்று கவனிக்காமல் உள்ளே விட, கரி உருளைகளில் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த அப்பாவிகளின் ரோல்களிலும் கறுப்புத் துகள்.

500டி என்பது 3200 கெல்வின் விளக்கொளிக்குச் செய்தது. பகலில் 85 என்ற ஆரஞ்சு ஃபில்டர் போட்டு ஐஎஸ்ஓ 320-இல் எடுக்க வேண்டும். அட்டையை நம்பி, 120 படி ஏறி வேலிக்கு வெளியே நின்று எடுத்த கோபுரம் நீலம் பாய்ந்துதான் வரும். ஸ்கேனில் ஓரளவு சரிக்கட்டலாம். கால்டிகாட் படங்கள் கெட்டால் கதை வேறு: அந்த நிலம் 2020-இல் விற்கப்பட்டுவிட்டது, மறுபடி போய் எடுக்கலாம் என்று நம்பியிருக்க முடியாது.

விளம்பரத்தில் போட்ட மாதிரிப் படமும் வேறு ஃபிலிமுடையது. கோபுரத்தின் எச்சரிக்கை விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவியிருக்கிறது. ரெம்ஜெட்டை முன்கூட்டியே நீக்கிய ஃபிலிமில்தான் அப்படி வரும். ஒளி திரும்பித் தெறிப்பதைத் தடுக்கவே அந்தப் பூச்சு.

வாங்குமுன் ஃபிலிம் நாக்கை, அதாவது டப்பாவுக்கு வெளியே நீட்டியிருக்கும் முனையை, நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதுகு மை பூசியதுபோல மங்கலான கறுப்பாக இருந்தால் ரெம்ஜெட். புதிய விஷன்3 சுருள்களில் அந்தப் பூச்சு இல்லை, அதனால் துளைகளையும் பாருங்கள். சாதாரண ஃபிலிமில் முனை மழுங்கிய செவ்வகம்; சினிமா நெகட்டிவில் இரண்டு பக்கம் வளைந்திருக்கும். கழுவியபின் ஓரமே காட்டிக்கொடுக்கும்: படத்துக்குப் படம் 1, 1ஏ என்று எண் வராமல், நீளமான கீகோட் எண்கள் மட்டும் ஓடும்.

36 என்பதும் கணக்கில்தான். லோடர் என்ற சுற்றும் கருவியில் டப்பாவுக்குள் சுற்றும்போது டேப் ஒட்டிய கடைசி முனை வெளிச்சம் பட்டுவிடுவதால் இரண்டு மூன்று படம் போய்விடும். டேப்பும் பலமில்லாதது, மோட்டார் கேமரா இழுத்தால் பிய்ந்து, ரீவைண்ட் ஆகாமல் நிற்கும். 33-இல் நிறுத்திவிடுங்கள். பிய்ந்துவிட்டால் பின்கதவைத் திறக்காதீர்கள். இருட்டுப் பையில் எடுத்து, ஒளி புகாத டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடுங்கள்.

எடுத்து முடித்தவர்கள், சினிமா நெகட்டிவுக்கான ஈசிஎன்-2 முறையில் கழுவும் லேபாகப் பார்த்து, ரெம்ஜெட் என்று சொல்லியே கொடுங்கள். வீட்டில் கழுவுவதானால் முதலில் கரியை இளக்கும் முன்குளியல்: போராக்ஸ் 20 கிராம், சோடியம் சல்ஃபேட் 100 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 1 கிராம், தண்ணீர் சேர்த்து 1 லிட்டர், 27 டிகிரி. டேங்கில் ஊற்றி 10 விநாடி விட்டு, பிறகு கறுப்பு நிற்கும்வரை தண்ணீர் மாற்றி நன்றாகக் குலுக்குங்கள். அடுத்து ஈசிஎன்-2 டெவலப்பர், 41 டிகிரியில் 3 நிமிடம். எஞ்சிய கரியைக் கடைசியில் ஈரப் பஞ்சால் முதுகில் மட்டும் துடைக்கவும். படப் பக்கம் பட்டால் கீறல்தான்.

பணத்தைத் திரும்பக் கேட்க சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பேநவ் வழியாகப் பணம் அனுப்பிய ரசீது, பெட்டி, ஓர எண் தெரியும் நெகட்டிவ் மூன்றையும் வைத்திருங்கள். விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; "எந்த லேபிலும்" என்ற வரியை விற்பவர் இதற்குள் நீக்கிவிட்டார்.